ஈயைப் படம் பிடித்தால் போதுமா?

வியாபாரமில்லாத கடையில் முதலாளி ஈ ஓட்டுகிறார் என்று கேலி செய்வது நம் ஊர் வழக்கம். ஈயை விரட்டுவதற்கே இத்தனை கேலி என்றால், ஓர் ஈக்குப் பின்னால் புதருக்குப் புதர் அலைந்து, அது இலையில் உட்காரும் வரை காத்திருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் பக்கவாட்டிலுமாகப் படம் எடுப்பவர்களை என்னவென்று சொல்வது? அப்படிப்பட்டவர்கள் இப்போது நம்மிடையே பெருகி வருகிறார்கள். அவர்கள் தேடுவது நம் வீட்டுச் சோற்றுத் தட்டைச் சுற்றும் சாதாரண ஈயை அல்ல. பிற பிராணிகளின் உடலுக்குள்ளேயே குடியிருந்து, அந்தப் பிராணியைத் தின்றே வளரும் ஒட்டுண்ணி ஈக்களை! உஷ்ணப் பிரதேசங்களில் இந்த ஜாதி ஏராளம். நம்முடைய செங்கற்பட்டுச் சீமையும் இதற்கு விலக்கல்ல.

சிறுசேரியைப் பாருங்கள். பழைய மகாபலிபுரம் சாலையில், நாவலூரைத் தாண்டிக் கேளம்பாக்கம் போகும் வழியில் இருக்கிறது. ஒரு பக்கம் வானத்தை முட்டும் கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடங்கள். மற்றொரு பக்கம் ஏரி, பனை, சவுக்கு, முட்புதர். நடுவிலே எதற்கும் அசைந்து கொடுக்காமல் அசை போட்டுக்கொண்டிருக்கும் மாடுகள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கழுத்தில் கம்பெனிச் சீட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓர் இளைஞர் புதரோரம் குந்தியிருந்தார். கையிலே செல்போன். அதன் கண்ணிலே சிறிய பூதக்கண்ணாடி மாட்டியிருந்தது. மாடு மேய்த்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் சற்று நேரம் பார்த்துவிட்டுப் பொறுக்க மாட்டாமல் கேட்டார்.

"என்னா தம்பி, மருந்தடிச்சுக் கொல்ல வேண்டிய ஈயைப் போயி போட்டோ புடிக்கிறே?"

"இது கெடுதல் பண்ற ஈ இல்லீங்க ஐயா. கம்பளிப்பூச்சியைக் கொல்ற ஈ. நமக்கு நல்லதுதான் பண்ணுது."

"அப்படியா? போன மாசம் எங்க கன்னுக்குட்டி தொப்புள்ள புழு வெச்சுதே, அது எந்த ஈ வேலை? இதுவா?"

இளைஞர் சற்று யோசித்துவிட்டு, "அது வேறங்க" என்றார். "வேறன்னு எப்படிச் சொல்றே? ரெண்டும் ஈதானே!" என்று பெரியவர் விடவில்லை.

பெரியவரின் கேள்வி லேசான கேள்வி அல்ல. பூச்சி சாஸ்திரம் படித்தவர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி அதுதான். ஒரு கன்று பிழைப்பதும், ஒரு வயல் பிழைப்பதும், சில சமயம் ஒரு நாட்டின் கால்நடைச் செல்வமே பிழைப்பதும் அதற்குச் சொல்லும் பதிலில் இருக்கிறது.

கிண்டியில் ஒரு டாக்டர்

கன்றின் தொப்புளில் புழு வைப்பது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட ஈயின் கைங்கரியம். கிரைசோமியா பெசியானா என்பது அதன் சாஸ்திரப் பெயர். நீலப் பச்சையாக மினுமினுக்கும். 1914-ம் வருஷத்தில் வில்னவ் என்ற பிரெஞ்சு நிபுணர் ஆப்பிரிக்காவின் காங்கோப் பிரதேசத்து ஈயைப் பார்த்து, இத்தாலியிலிருந்த பெசி என்ற ஈ நிபுணரைக் கௌரவித்து இந்தப் பெயரைச் சூட்டினார். ஆனால் இந்தியாவில் மாட்டையும் மனிதனையும் வாட்டும் ஈயும் அதேதான் என்று நிலைநாட்டியவர் டபிள்யூ. எஸ். பாட்டன் என்ற ராணுவ டாக்டர். கிண்டியில் இன்றும் இருக்கிறதே கிங் இன்ஸ்டிடியூட், அங்கே வேலை பார்த்தவர். அவரும் கிராக் என்ற மற்றொரு டாக்டரும் சேர்ந்து 1913-ல் வெளியிட்ட மருத்துவப் பூச்சியியல் பாடநூல் உலகமெங்கும் படிக்கப்பட்டது. சென்னையிலிருந்துகொண்டு எழுதிய புத்தகம் என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

1920-ல் பாட்டன் ஒரு கட்டுரை எழுதினார். மனிதர்களுக்கும் மிருகங்களுக்கும் புண்ணில் புழு வைப்பதில் இந்தியாவின் முதல் குற்றவாளி இந்த ஈதான் என்றார். 1922-ல் மற்றொரு கட்டுரை. புழு வைக்கும் ஈக்களையும் அவற்றின் புழுக்களையும் அடையாளம் காண்பது எப்படி, அவற்றை வளர்த்துப் பார்ப்பது எப்படி என்பதே அதன் விஷயம். வளர்த்துப் பார்ப்பது! அதுதான் விஷயத்தின் ஆணிவேர். ஏனென்று சொல்கிறேன்.

புண்ணின் மேல் மொய்க்கிற ஈயைப் பார்த்து, 'இதுதான் புழு வைத்தது' என்று நாம் நினைப்போம். பெரும்பாலும் அது தவறு. உண்மைக் குற்றவாளி புண்ணின் ஓரத்தில் சுமார் 150, 200 முட்டைகளைக் குவியலாக ஒட்ட வைத்துவிட்டு ஓடிவிடும். பிறகு கண்ணில் படுவது அபூர்வம். முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். புழுக்கள் தலையை உள்ளே விட்டு, வாலை வெளியே வைத்துக்கொண்டு, திருகாணி மரத்தில் இறங்குவதுபோல் உயிருள்ள சதைக்குள் இறங்கும். நாற்றம் கிளம்பிய பிறகு வந்து மொய்ப்பவை வேறு ஈக்கள். குறிப்பாக, பெரிய சிவப்புக் கண்ணுடன் குப்பையிலும் மீன் கடையிலும் திரிகிற கிரைசோமியா மெகாசெபாலா. அதுவும் நீலப் பச்சைதான், அதுவும் மினுமினுப்புதான். திருடன் போன பிறகு வேடிக்கை பார்க்க வந்தவனைப் பிடித்துக் கட்டி வைத்தது போலத்தான், புண்ணின் மேல் உட்கார்ந்த ஈயைப் படம் எடுத்துக் குற்றம் சாட்டுவது.

இரண்டையும் பிரிக்க வழி உண்டு. இறக்கை உடம்போடு சேருமிடத்தில் மடல் போல் ஒரு சிறு தகடு இருக்கும். குற்றவாளிக்கு அது மெழுகு போல வெண்மை. வேடிக்கை பார்க்க வந்ததற்குக் கருமை. நல்ல வெளிச்சத்தில் மேலிருந்து எடுத்த தெளிவான படத்தில் இது தெரியும். ஆனால் ஈ இறக்கையை மூடி உட்கார்ந்திருந்தாலோ, படம் சற்றே கலங்கியிருந்தாலோ தெரியாது. மினுமினுப்பு இருக்கிறதே, அது கேமிராவையும் ஏமாற்றும். வெயிலில் பச்சையாக இருப்பது நிழலில் நீலமாகத் தெரியும்.

ஆகவே கால்நடை வைத்தியர்கள் ஈயைக் கேட்பதில்லை, புழுவைக் கேட்கிறார்கள். மருந்திடுமுன் புண்ணின் ஆழத்திலிருந்து நாலைந்து புழுக்களை எடுத்து, வெந்நீரில் முக்கி, சாராயத்தில் போட்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மேலாக நெளிபவை பின்னால் வந்த ஈக்களின் பிள்ளைகளாக இருக்கலாம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் புழுவின் தலைப்பக்கத்தில் விரல்கள் போன்ற சிறு மூச்சுத் துளைக் கிளைகள் தெரியும். பெசியானாவுக்குச் சாதாரணமாக நான்கிலிருந்து ஆறு. மற்றதற்கு அதைவிட எவ்வளவோ அதிகம். இந்த விரல்களை எண்ண எந்தச் செல்போனாலும் முடியாது. இதற்கிடையில் பெரியவரின் கன்று காத்திருக்குமா என்று கேட்பீர்கள். காத்திருக்காது, ஐந்தாறு நாளில் புழு புண்ணைக் கிணறாக்கிவிடும். வைத்தியம் உடனே வேண்டும். கிராமத்தில் சீத்தா இலையை அரைத்து வைப்பார்கள். டாக்டர்கள் டர்ப்பன்டைன் எண்ணெயை உபயோகிப்பதுண்டு. எது செய்தாலும் கால்நடை டாக்டரிடம் காட்டிச் செய்வதே நல்லது. மனிதருக்கு வந்தால், அதிலும் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களின் மூக்கிலோ காதிலோ வந்தால், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

அடையாளம் காண்பதால் என்ன லாபம் என்பதற்கு லிபியா தேசத்தின் கதை ஒன்று போதும். 1988-ல் அங்கே ஆடு மாடுகளின் புண்களில் ஒரு புதுப் புழு தோன்றியது. நிபுணர்கள் சோதித்துப் பார்த்ததில், அமெரிக்கக் கண்டத்துக்கே உரிய புழு அது என்று தெரிந்தது. நம்முடைய பெசியானாவின் தாயாதி. அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி எப்படியோ வந்துவிட்டது! இன்ன ஜாதி என்று தெரிந்ததால்தான் இன்ன மருந்து என்றும் தெரிந்தது. மெக்ஸிகோவில் ஆண் ஈக்களை மலடாக்கும் ஒரு தொழிற்சாலை இருந்தது. அங்கிருந்து ஆகாய விமானத்தில் மலட்டு ஈக்களைக் கொண்டுவந்து வாரா வாரம் தூவினார்கள். மொத்தம் 130 கோடி ஈக்கள்! பெண் ஈக்கள் மலட்டு ஆணோடு கூடி, பொரியாத முட்டைகளை இட்டன. 1991-ல் புழு ஒழிந்தது. 'இதுவும் வழக்கமான புழுதான்' என்று யாராவது சொல்லி விட்டிருந்தால் ஆப்பிரிக்கா முழுவதும் பரவியிருக்கும்.

முதுகிலே ஒரு தலையணை

இப்போது நம் இளைஞர் படம் பிடித்த ஈக்கு வருவோம். அது டாகினிட் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்தில் மட்டும் உலகத்தில் 8,500க்கு மேற்பட்ட ஜாதிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரில்லாதவை இன்னும் எத்தனையோ. எல்லாமே பிற பூச்சிகளின் உடலில் வளர்பவை. கம்பளிப்பூச்சி, வண்டு, வெட்டுக்கிளி என்று ஒன்றையும் விடுவதில்லை. சில ஈக்கள் கம்பளிப்பூச்சியின் முதுகிலேயே, அது திரும்பிக் கடிக்க முடியாத இடமாகப் பார்த்து, வெள்ளை முட்டையை ஒட்டிவிடும். முட்டை பொரியுமுன் கம்பளிப்பூச்சி தோலை உரித்துக்கொண்டால் தப்பித்தது! வேறு சில ஈக்கள் இன்னும் தந்திரசாலிகள். தூசு போன்ற முட்டைகளை இலையின் மேல் இட்டு வைக்கும். கம்பளிப்பூச்சி இலையோடு சேர்த்து எமனையும் விழுங்கும்.

பார்வைக்கு இவை வீட்டு ஈயைப் போலவே இருக்கும். கொஞ்சம் முரட்டு மயிர் அதிகம், அவ்வளவுதான். அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? ஈயின் முதுகு முடிகிற இடத்தில் முக்கோணமாக ஒரு சிறு தகடு உண்டு. எல்லா ஈக்கும் உண்டு. டாகினிட் ஈக்கு மட்டும் அந்தத் தகட்டுக்குக் கீழே, யாரோ சிறு தலையணையைச் செருகி வைத்தது போல, உருண்டையாக ஒரு புடைப்பு இருக்கும். மேலிருந்து பார்த்தால் தகடு அதை மறைத்துவிடும். பக்கவாட்டில் பார்த்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஆயிரம் படம் எடுத்தும் அந்த ஒரு பக்கவாட்டுப் படம் இல்லாவிட்டால் நிபுணர் கையை விரித்துவிடுவார். இறைச்சி ஈ என்று ஒன்று இருக்கிறது. முதுகிலே மூன்று கறுப்புக் கோடு, வயிற்றிலே சதுரங்கக் கட்டம். அதையும் டாகினிட்டையும் குழப்பிக்கொள்ளாதவர் கிடையாது. தலையணையைத் தேடுங்கள், இறைச்சி ஈக்கு அது இல்லை.

பக்கவாட்டுப் படம் தவிர இன்னும் மூன்று நான்கு தேவை என்கிறார்கள். இறக்கையின் நரம்புகள் தெரியும்படி மேலிருந்து ஒன்று. ஏனென்றால், நடு நரம்பு ஓரத்துக்கு வருமுன் எங்கே வளைகிறது என்பது முக்கியம். முகத்துக்கு நேராக ஒன்று. கால்கள் தெரிய ஒன்று. எல்லாம் ஒரே ஈயாக இருக்க வேண்டும். நாலு ஈயை நாலு பக்கம் எடுத்து ஒட்டு வேலை செய்யக்கூடாது. காலை வேளையில், வெயில் ஏறுமுன், ஈ குளிரில் மந்தமாக இருக்கும்போது போனால் வேலை சுலபம்.

இத்தனையும் செய்து படத்தை அனுப்பினால் கிடைக்கும் பதில் என்ன? 2008-ல் அமெரிக்காவில் மாணவர்கள் சிலர் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் என்ற ஏற்பாட்டில் யார் வேண்டுமானாலும் படத்தைப் போடலாம். சிறுசேரிப் புதரில் எடுத்த படத்தை எங்கோ குளிர் நாட்டில் இருக்கும் ஒரு நிபுணர் பார்த்து அபிப்பிராயம் சொல்வார். அதற்கு முன்பே கம்ப்யூட்டர் ஒரு பெயரைச் சொல்லிவிடும். அதற்குப் பழக்கப்பட்ட படங்களில் பெரும்பாலானவை மேல்நாட்டுப் படங்கள் என்பதால் நம் ஊர் ஈக்கு அது அமெரிக்காக்காரன் பெயரை வைத்துவிடுவதும் உண்டு. அதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டால் ஈயடிச்சான் காப்பி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது! நேர்மையான நிபுணர்கள், "டாகினிட் குடும்பம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். கீழ்த்திசை நாடுகளின் டாகினிட் ஈக்களை ஒழுங்குபடுத்தி கிராஸ்கி என்பவர் 1976-ல் பிரிட்டிஷ் மியூசியத்தின் மூலம் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதை வைத்துக்கொண்டும், ஈயை ஊசியில் குத்தி மைக்ராஸ்கோப்பில் மயிர்களை எண்ணினால்தான் மேலே போக முடியும்.

நண்பனா, பகைவனா?

இந்தக் குடும்பத்து ஈக்கள் விவசாயிக்கு நண்பர்கள் என்று இளைஞர் சொன்னது சரியே. படாளம் சர்க்கரை ஆலையைச் சுற்றிக் கரும்பு பயிரிடுகிறவர்களுக்கு இளங்குருத்துப் புழுவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அது தண்டைக் குடைந்துகொண்டு உள்ளே இருக்கும்போது மருந்து தொடாது. ஆனால் ஸ்டர்மியாப்சிஸ் என்ற டாகினிட் ஈ, துளையின் வாசலிலே தன் குஞ்சுப் புழுக்களை இறக்கிவிட்டுப் போகும். அவை ஊர்ந்து உள்ளே போய்க் குருத்துப் புழுவைத் தேடிப் பிடித்துத் தின்னும். தமிழ்நாட்டின் சர்க்கரை ஆலைப் பகுதிகளில் இந்த ஈயை வளர்த்து வயலில் விட்டிருக்கிறார்கள்.

சமுத்திரத்துக்கு அப்பால் பிஜித் தீவிலே நம் தமிழர்கள் கரும்புத் தோட்டத்தில் பாடுபட்ட காலத்தில், அங்கே தென்னை மரங்களை ஓர் ஊதா நிற அந்துப் பூச்சி மொட்டையடித்து வந்தது. 1925-ல் மலேயாவிலிருந்து ஒரு சிறு டாகினிட் ஈயைச் சில நூறு எண்ணிக்கையில் கப்பலில் கொண்டுபோய் விட்டார்கள். சில மாதங்களில் தென்னை தழைத்துவிட்டது. அந்துப் பூச்சி அடியோடு மறைந்தே போயிற்றா என்று விஞ்ஞானிகள் பின்னால் விவாதம் செய்யுமளவுக்கு ஈ தன் வேலையை முடித்துவிட்டது.

ஆனால் ஓசூர்ப் பக்கம் போய்ப் பட்டுப்புழு வளர்ப்பவரிடம் டாகினிட் ஈயைப் புகழ்ந்து பேசிவிடாதீர்கள்! அவர் அறிந்த டாகினிட்டின் பெயர் ஊசி ஈ. வங்காளத்திலே வெகு காலமாக இருந்த பகை அது. 1980-ல் கர்நாடகத்தில் தலைகாட்டியது. பட்டுக்கூடுகளோடு ஒளிந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அங்கிருந்து தமிழ்நாட்டுக்கும் வந்தது. பட்டுப்புழுவின் தோலில் குண்டூசித் தலை போல் வெள்ளை முட்டை. இரண்டு நாளில் உள்ளே புகும். புகுந்த இடத்தில் கறுப்புத் தழும்பு. தின்று தீர்த்து, கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். துளை விழுந்த கூட்டில் நூல் எடுக்க முடியாது. குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றும் தொழில் அதோடு போயிற்று. அதனால்தான் பட்டு மனைகளின் ஜன்னல்களுக்கு வலை அடித்திருக்கிறார்கள். ஊசி ஈயின் கூட்டுப்புழுவைத் தின்னும் ஒரு குட்டிக் குளவியையும் விஞ்ஞானிகள் வளர்த்துக் கொடுக்கிறார்கள். பகைவனுக்கும் ஒரு பகைவன்! வயலிலிருக்கும் டாகினிட் எது, பட்டுமனை ஜன்னலில் முட்டுவது எது என்று படத்தில் மட்டும் பார்த்தால் சொல்லுவது கஷ்டம். இரண்டும் சாம்பல் நிறம். இரண்டுக்கும் முதுகிலே தலையணை.

பிணமில்லாமல் பெயர்

படத்தை மட்டும் பார்த்து ஒரு புது ஜாதிக்கே பெயர் வைத்துவிடலாம் என்று துணிந்தவர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஒரு விசித்திரமான ஈ. தேனீ ஈ என்ற ஒட்டுண்ணிக் குடும்பம். பார்த்தால் அசல் மரத்துளை வண்டு போலவே இருந்தது. கனடாவைச் சேர்ந்த மார்ஷலும் ஹவாய்த் தீவின் ஈவன்ஹூயிஸும் 2015-ல் அதைப் புதிய ஜாதி என்று அறிவித்தார்கள். ஆதாரம்? போட்டோப் படங்கள்! ஊசியில் குத்தி வைத்த ஈ ஒன்றுகூட இல்லை. விஞ்ஞான உலகத்தில் பெரிய சண்டை மூண்டது. போட்டோவை நம்பி ஜாதி பிரிப்பது போதாது, தேவையுமில்லை, ஆபத்துங்கூட என்று ஏறக்குறைய 500 பேர் 2016-ல் கையெழுத்துப் போட்டார்கள். பிராணிகளின் பெயர்களுக்குப் பஞ்சாயத்து செய்யும் சர்வதேசக் கமிஷன் 2017-ல், அப்படிப் பெயர் வைப்பது சட்டவிரோதமல்ல, ஆனால் உடலைப் பாதுகாக்க முடியாததற்குத் தக்க காரணம் சொல்லுங்கள் என்று தீர்ப்புக் கூறியது.

என் அபிப்பிராயம் கையெழுத்துப் போட்ட 500 பேர் பக்கம்தான். மலாய் நாட்டிலே 2011-ல் ஒருவர் அழகான பச்சைப் பூச்சி ஒன்றைப் படம் எடுத்துப் பலரும் பார்க்கும்படி வைத்தார். ஈயல்ல அது, கண்ணாடிச் சிறகுப் பூச்சி. அமெரிக்காவிலிருந்த விண்டர்டன் என்ற நிபுணர் தற்செயலாகப் பார்த்துவிட்டு, இது புதிதாக இருக்கிறதே என்று வியந்தார். ஆனால் அவர் அவசரப்படவில்லை. படம் எடுத்தவர் மீண்டும் அதே காட்டுக்குப் போய் அந்தப் பூச்சியைப் பிடித்து வரும் வரை பொறுத்திருந்தார். அதன் பிறகே, 2012-ல், தம் மகளின் பெயரைச் சேர்த்து அதற்குப் பெயரிட்டார். வழி காட்டியது படம். சாட்சி சொன்னது பூச்சி.

மூடியில் மஸ்லின் துணி

சிறுசேரிப் பக்கம் எருக்கஞ்செடிக்குப் பஞ்சமில்லை. அதில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு மேயும் புழுவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாகப் போகும் புழு. அதற்குள்ளும் ஒட்டுண்ணி ஈ இருக்கக்கூடும். ஈயைத் துரத்திக்கொண்டு ஓடுவதைவிட, இந்தப் புழுவை இலையோடு பறித்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூடிக்குப் பதில் மஸ்லின் துணியைக் கட்டி வைத்துவிடலாம். பாட்டன் சொன்ன வழிதான் இது. தினமும் புது இலை கொடுக்க வேண்டும். அடியில் விரலளவு மணலோ மண்ணோ போட்டு வைப்பது நல்லது. புழு கூட்டுப்புழுவாகித் தொங்கும். அது வண்ணத்துப்பூச்சியாக வெளிவந்தால் பறக்கவிட்டு விடுங்கள். கூடு கறுத்துச் சுருங்கினால் கவனியுங்கள். சில வகை ஈப் புழுக்கள் மெல்லிய பசை நூலில் தொங்கிக்கொண்டு கீழே இறங்கி, மண்ணில் புகுந்து, கோதுமை மணி போன்ற பழுப்பு நிறக் கூடாகிவிடும்.

எந்தப் புழு, எந்தச் செடி, எந்தத் தேதி, எந்த ஊர் என்று ஒரு சீட்டில் எழுதிப் பாட்டிலில் ஒட்டி வையுங்கள். சீட்டில்லாத ஈயை நிபுணர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். ஓரிரு வாரத்தில் பழுப்புக் கூட்டின் தலைப்பக்கம் மூடிபோலத் திறக்கும். நெற்றியிலே ஒரு பையை ஊதி ஊதி, முட்டித் தள்ளிக்கொண்டு ஈ வெளியே வரும். அப்போது அது வெளிறிப் போய், இறக்கை கசங்கி, இன்ன ஜாதி என்று அதன் தாய்க்கே தெரியாத கோலத்தில் இருக்கும். உடனே படம் எடுக்காதீர்கள். சில மணி நேரம் கழித்து, நெற்றிப் பை உள்ளே போய், இறக்கை விரிந்து, நிறம் கறுத்த பிறகு எடுங்கள். முதலில் பக்கவாட்டில்.